ஈறில் இரத்தம் வருகிறதா? மலையக வீடுகளுக்கான மூலிகைப் பராமரிப்பு, படிப்படியாக

பல் விளக்கித் துப்பும்போது எச்சிலில் சிவப்பு தெரிந்தால் நம் தேயிலைத் தோட்டங்களில் பலர் செய்வது இரண்டே காரியம். வலிக்குமோ என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுவார்கள். அப்புறம் அக்கம்பக்கத்தில் சொன்ன இலையைப் பறித்து மென்று துப்புவார்கள். இலையில் குறை இல்லை, செய்கிற வரிசைதான் பிழை. சேறு படிந்த காயத்தைக் கழுவாமலேயே மருந்து வைத்துக் கட்டுவது போன்றது அது.

எந்த மூலிகையாக இருந்தாலும் ஈறோரத்தில் அழுக்கு எடுபட்ட பிறகுதான் வேலை செய்யும். அதனால் இந்த வழிகாட்டியில் கஷாயம் ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் ஐந்தையும் தாண்டி நேராக அங்கே போய்விடாதீர்கள்.

1. முதலில் கண்ணாடியில் பாருங்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று, போன் டோர்ச்சை வாய்க்குள் அடித்துப் பாருங்கள். உதட்டை விரலால் விலக்கி மேல் ஈறு, கீழ் ஈறு, கடைவாய்ப் பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பலருக்கு ஈறு இயல்பாகவே கருப்பு கலந்த நிறம். அது நோய் இல்லை. பார்க்க வேண்டியது ஓரத்தை. நல்ல ஈறு இரண்டு பல்லுக்கு நடுவே கூராக, பல்லோடு ஒட்டியிருக்கும். நோய்ப்பட்ட ஈறு அங்கே உருண்டு, பளபளப்பாக உப்பி, தொட்டால் இரத்தம் கசியும்.

இந்தத் தொடக்க நிலையை வீட்டிலேயே சரி செய்யலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மூலிகையைத் தொடாமல் வைத்தியரிடம் போக வேண்டும்:

- பல் ஆடுகிறது, அல்லது ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிகிறது
- ஈறை அழுத்தினால் சீழ் வருகிறது
- வாயில் வெள்ளைப் படலமோ சிவந்த திட்டோ புண்ணோ இரண்டு வாரமாகியும் ஆறவில்லை
- வாய் முன்போல அகலமாகத் திறக்க முடியவில்லை
- கன்னமோ தாடையோ வீங்கியிருக்கிறது

காய்ச்சலோடு ஈறில் இரத்தம் வந்தால் அதைப் பல் பிரச்சினையாகவே நினைக்க வேண்டாம். டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகளில் அதுவும் ஒன்று, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நேரத்தில் வலிக்கு அஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது, இரத்தக்கசிவு கூடும். கன்னம் வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

சிகரெட், பீடி குடிப்பவர்களுக்கு ஈறு உள்ளே கெட்டிருந்தாலும் இரத்தம் குறைவாகத்தான் வரும். இரத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து அவர்கள் நிம்மதி அடையக் கூடாது.

2. யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

சீனி வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாகப் பரவும். ஈறு நோய் முற்றினால் சீனி கட்டுப்படுவதும் கஷ்டமாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்பதால், வீட்டு வைத்தியத்தைத் தொடங்கினாலும் பல் டொக்டரையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஹோர்மோன் மாற்றத்தால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு வீங்கும். உப்புநீர் போதும், கஷாயங்களும் கராம்பு எண்ணெயும் வேண்டாம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் பல் பரிசோதனைக்கு அனுப்புவார்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், வலிப்புக்கோ பிரஷருக்கோ மருந்து எடுத்து அதன்பின் ஈறு தடித்தவர்கள் முதலில் மருந்து எழுதிய வைத்தியரிடம் கேளுங்கள். வலிப்புக்கான ஃபெனிட்டோயின், பிரஷருக்கான நிஃபெடிபின் இரண்டுக்கும் ஈறை வளரச் செய்யும் குணம் உண்டு. அதற்காக மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் கொப்பளிக்கும் மருந்து எதுவும் வேண்டாம். துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் ஒன்று இல்லாமல் போய், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம்.

மென்மையான நார் உள்ள புதிய பிரஷ் ஒன்று வேண்டும். வீட்டில் ஆளுக்கு ஒன்று. நார் விரிந்த பிரஷ் ஈறோரத்தில் நிற்காது. அடுத்தது ஃப்ளோரைட் உள்ள பற்பசை. மலைநாட்டின் ஊற்று நீரில் ஃப்ளோரைட் பொதுவாகக் குறைவு, அநுராதபுரம் பக்கக் கிணற்று நீர் மாதிரி இல்லை. அதனால் பற்பசையிலிருந்துதான் அது நமக்குக் கிடைக்க வேண்டும். மூலிகைப் பற்பசை வாங்குபவர்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஃப்ளோரைட் 1000 முதல் 1500 பிபிஎம் (ppm) வரை என்று போட்டிருக்க வேண்டும்.

பல்லிடுக்குக்கு நூல் அல்லது இடுக்குப் பிரஷ் டவுன் பாமசியில் கிடைக்கும். உப்பு, ஒரு கண்ணாடி டம்ளர், எவர்சில்வர் பாத்திரம் அல்லது மண்சட்டி, சுத்தமான வெள்ளைத் துணி ஒரு துண்டு. பீலித் தண்ணீரை (ஊற்றிலிருந்து குழாயில் வரும் நீர்) கொதிக்கவைத்து ஆறவிட்டு ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். புண்பட்ட ஈறில் படுகிற தண்ணீர், அதனால் பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

4. பல் விளக்கும் முறையைத் திருத்துங்கள்

இந்தப் படியில்தான் அதிகமானோர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஈறு நோயை உண்டாக்குவது பல்லின் அடியில், ஈறு தொடும் கோட்டில் ஒட்டும் வழவழப்பான படிவு. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு மாதிரி வரும். உள்ளே முழுக்கக் கிருமி. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் விஞ்ஞானி, நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. எந்த மருந்தும் கொடுக்கவில்லை, சுத்தம் மட்டும்தான்.

செய்யும் விதம் இது. பிரஷ்ஷை நேராகப் பல்லின் மேல் வைக்காமல், நாரின் நுனி ஈறோரத்தைப் பார்க்கும்படி சரித்துப் பிடியுங்கள். பாதி நார் பல்லிலும் பாதி நார் ஈறிலும் பட வேண்டும். அந்த இடத்திலேயே சின்னச் சின்ன வட்டமாக அசைத்துவிட்டு அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். வெளிப்பக்கம் முடிந்ததும் நாக்குப் பக்கம். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை யாரும் விளக்குவதே இல்லை. எச்சில் சுரக்கிற இடம் பக்கத்தில் இருப்பதால் காறை, அதாவது கல்லாக இறுகிய படிவு, முதலில் கட்டுவதும் அங்கேதான். மொத்தம் இரண்டு நிமிடம். பிரஷ்ஷை மூன்று விரலால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

இரத்தம் வருகிற இடத்தில் விளக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். அங்கேதான் கட்டாயம் விளக்க வேண்டும், மெதுவாக. முதல் சில நாள் இரத்தம் வரும், பயப்பட வேண்டாம். படிவு குறையக் குறைய நிற்கும். நிறுத்திவிட்டால் படிவு இன்னும் தடித்து இரத்தம் கூடத்தான் செய்யும்.

காலையில் ஒருமுறை, இரவு படுக்கப் போகும் முன் ஒருமுறை. மலைக்குப் போகிற அவசரத்தில் காலையில் விளக்குவது நமக்குப் பழக்கம்தான். இரவுதான் விடுபடுகிறது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அது வசதி. கட்டாயம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இரவைத் தேர்ந்தெடுங்கள். விளக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் நிறைய ஊற்றிக் கொப்பளித்தால் பற்பசையின் ஃப்ளோரைட்டும் போய்விடும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவை வெப்பமான கீழ்ப்பகுதி மரங்கள், ஹட்டன் குளிரிலும் நுவரெலியாக் குளிரிலும் எதிர்பார்க்க முடியாது. மாத்தளைப் பக்கமோ பிபிலைப் பக்கமோ இருந்து உறவினர் வேப்பங்குச்சி கொண்டுவந்தால், நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி இழுத்து விளக்குங்கள். குறுக்கே தேய்த்தால் ஈறு தேய்ந்து இறங்கிவிடும். பல்லின் உட்பக்கத்துக்குக் குச்சி ஒழுங்காக எட்டாது, அதனால் இரவில் பிரஷ்ஷும் பற்பசையும் தேவைதான்.

5. பல்லிடுக்கு

ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது இடுக்கில். பிரஷ்ஷின் நார் அங்கே போகாது. நாளைக்கு ஒருமுறை, இரவு விளக்குவதற்கு முன், நூலைப் பல்லின் பக்கவாட்டில் வளைத்து ஒட்டியபடி மேலும் கீழுமாக இழுங்கள். நேராக உள்ளே அமுக்கினால் ஈறை வெட்டிவிடும். இடுக்கு அகலமாக உள்ளவர்களுக்கு இடுக்குப் பிரஷ்தான் வசதி.

ஊக்கு, தீக்குச்சி, ஈர்க்கு, தலைமயிர் கிளிப் இவற்றால் குத்துவதை நிறுத்துங்கள். ஈறில் படுகிற சின்னக் கீறலிலேயே கிருமி இறங்கிச் சீழ்க்கட்டு உண்டாகலாம்.

6. இலை, சரக்கு, கஷாயம்

*பறிக்கும் இடம்.* தேயிலை மலைக்குள்ளும், கான் (வடிகால்) ஓரத்திலும், களைநாசினி அடிக்கிற பாதையோரத்திலும் முளைத்த எதையும் வாய்க்கு எடுக்காதீர்கள். மருந்து அடித்த சுவடு சில நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், இலை பச்சையாகவே நிற்கும். காற்றில் பக்கத்துச் செடிகள் மேலும் அது படிந்திருக்கலாம். வீட்டுத் தோட்டத்தில், நீங்களே பார்த்து வளர்த்த மரத்தில் இருந்து மட்டும் பறியுங்கள்.

*உப்புநீர்.* எல்லோரும் தொடங்க வேண்டியது இதில். ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. கரைந்ததும் ஒரு மடக்கு எடுத்து அரை நிமிடம் வாய்க்குள் உருட்டித் துப்புங்கள், டம்ளர் முடியும் வரை. வீக்கத்தைத் தணிக்கும், துகள்களைக் கழுவும். நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒரு வாரம். உப்பு கூடினால் நல்லது என்று கைப்பிடியாகப் போடுகிறவர்கள் உண்டு. அது ஈறை எரித்து வறளச் செய்யும். பிரஷர் உள்ளவர்கள் விழுங்கிவிடாமல் கவனமாகத் துப்புங்கள்.

*கொய்யா இலைக் கஷாயம்.* மலைநாட்டுக்கு மிகப் பொருத்தமான மூலிகை என்று நான் நினைப்பது இதைத்தான். வீட்டுக்கு வீடு மரம் உண்டு, செலவில்லை. இலையில் உள்ள துவர்ப்புச் சத்து வீங்கிய ஈறைச் சுருக்கி இறுக்கும், இரத்தக் கசிவைக் குறைக்கும்.

கொப்பின் நுனிக் குருத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள மூன்றாவது நான்காவது இலைகளாக எட்டோ பத்தோ பறியுங்கள். முற்றிய இலையில் தூசியும் புள்ளிநோயும் இருக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளைப் பூச்சி அங்கேதான் ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, கையால் கிழித்துப் போடுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர், மூடி போட்டு மெல்லிய தீயில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரு டம்ளராக வற்றும்போது நிறம் மெல்லிய சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) மாதிரி இருக்கும். கறுத்துப்போனால் இலை கூடிவிட்டது, அல்லது பாத்திரத்தில் இரும்பு இருக்கிறது. துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும், பல்லிலும் கறை படியும். எவர்சில்வர் அல்லது மண்சட்டி என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

வெள்ளைத் துணியில் வடிகட்டி, உதட்டில் வைத்தால் சுடாத பதத்துக்கு ஆறவிடுங்கள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொதிக்கக் கொதிக்க வாயில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீங்கிய ஈறின் தோல் மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும். ஒரு மடக்கு, அரை நிமிடம், பல்லிடுக்கு வழியாக முன்னும் பின்னும் தள்ளித் துப்புங்கள். நான்கைந்து மடக்கு. வாய் சுருங்கினாற்போல இருக்கும், அதுதான் அடையாளம். பிறகு அரை மணிநேரம் எதுவும் சாப்பிடாமல் இருங்கள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். பல் விளக்கிய உடனே கொப்பளித்தால் ஃப்ளோரைட் கழுவப்படும். வேலை முடிந்து வந்து கைகால் கழுவிய பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் செய்வது நல்ல நேரம். முடிந்தால் மத்தியானமும் ஒருமுறை. ஒவ்வொரு நாளும் புதிதாகக் காய்ச்சுங்கள், நேற்றைய கஷாயத்தில் கிருமி வளர்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்பு ஏறும்.

குளிர் கூடிய உயரத்தில் கொய்யா சரியாக வராது. அங்கே உள்ளவர்கள் கீழே இருந்து இலை வாங்கி நிழலில் காயவைத்து இறுக்கமாக மூடிய போத்தலில் வைத்துக்கொள்ளலாம். நம் மூடுபனிக்கும் மழைக்கும் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். திறக்கும்போது மக்கிய வாசம் வந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், காயவைத்து மீட்க முடியாது.

*திரிபலா.* கடுக்காய், தான்றிக்காய், நெல்லி மூன்றும் சேர்ந்த தூள் டவுன் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி தூளை ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து, தெளிந்த மேல்நீரைத் துணியில் வடித்துக் கொப்பளிக்க வேண்டும். இந்தியாவில் செய்த சில ஆய்வுகளில் இது பற்படிவையும் ஈறு வீக்கத்தையும் குறைத்திருக்கிறது. கொய்யா இலை கிடைக்காதவர்களுக்கு நல்ல மாற்று. இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், துவர்ப்பு அளவு மீறினால் வாய்த்தோல் வறண்டு உரியும்.

*மஞ்சள்.* ஒரு சிட்டிகைத் தூளைச் சில துளி தேங்காயெண்ணெயில் குழைத்து, சுத்தமான விரல் நுனியால் வீங்கிய ஈறில் ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கொப்பளியுங்கள். மஞ்சளுக்கு வீக்கம் தணிக்கும் குணம் உண்டு. தூளை வாங்காமல் கிழங்கு மஞ்சளை வாங்கி வீட்டில் இடியுங்கள். 2020இல் இறக்குமதி தடைப்பட்டு விலை ஏறிய நேரத்தில் கலப்படத் தூள் கடைகளில் நன்றாகவே நடமாடியது. புண்ணில் வைக்கிற பொருளில் அந்தச் சந்தேகம் இருக்கக் கூடாது.

எண்ணெய் கொப்பளிப்பது பற்றியும் கேட்பார்கள். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், பத்து நிமிடம், விழுங்காமல் துப்பிவிட வேண்டும். செய்ய விரும்பினால் செய்யுங்கள், ஆனால் பிரஷ்ஷுக்குப் பதிலாக இல்லை.

7. வலி இருந்தால்

வலியைக் குறைப்பது வேறு, ஈறைக் குணமாக்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பல்லை இழந்தவர்கள் நிறையப் பேர்.

கராம்பில் உள்ள யூஜெனோல் மரத்துப்போகச் செய்யும். ஒரு முழுக் கராம்பை வலிக்கிற பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, எச்சிலில் ஊறியதும் மெதுவாகக் கடியுங்கள். கராம்பு எண்ணெய் என்றால் ஒரு துளியை ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டுப் பல்லில் வையுங்கள். தனி எண்ணெயை அப்படியே ஈறில் வைத்தால் வெந்து வெள்ளையாகிவிடும். பிள்ளைகளுக்குக் கராம்பு எண்ணெய் கொடுக்கவே கூடாது.

ஈரமான இடங்களில் முளைக்கும் அக்மெல்லாவும் உண்டு. இதழ் இல்லாமல், சின்னக் கூம்பு மாதிரி மஞ்சள் பூ. ஒரு மொட்டைக் கடித்தால் நாக்கு விறுவிறுத்து, எச்சில் ஊறி, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே மரத்துவிடும். பறிக்கும் இடம் பற்றிச் சொன்னது இதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும், கானோரச் செடி இது.

இரண்டும் டொக்டரிடம் போய்ச் சேரும் வரைக்கும்தான். வலி நின்றுவிட்டது என்று பயணத்தைத் தள்ளிப்போட்டால், உள்ளே சீழ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். வலி மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அஸ்பிரின் வைத்த இடத்தில் தோல் வெந்து புண்ணாகும். மாத்திரையை விழுங்கினால்தான் வேலை செய்யும்.

8. கூடவே நிறுத்த வேண்டியவை

வெற்றிலையைப் பற்றிப் பேசினால் பெரியவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். குளிரிலும் மழையிலும் மலையில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு தெம்பு என்பதும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு ஈறை அரிக்கும், பாக்குத் துகள் இடுக்கில் தங்கும், சிவந்த கறைமேல் காறை ஏறும். இதெல்லாம் சின்ன விஷயம். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் என்று வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். ஒரே நாளில் விட முடியாவிட்டால் முதலில் புகையிலையை விடுங்கள், அடுத்து பாக்கை. வாயில் ஒதுக்கிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அடுப்புக்கரி, சாம்பல், செங்கல்தூள் இவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து ஈறைக் கீறும். முதலில் பல் வெள்ளையாகத் தெரிவது மேலே இருந்த கறை உரிவதால்தான், மேற்பூச்சு தேயத் தேயப் பல் மஞ்சளாகிவிடும். தேசிக்காயும் உப்பும் கலந்து தேய்ப்பதும் அப்படியே, புளிப்பு பல்லைக் கரைக்கும்.

சாயத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சீனியைக் குறையுங்கள். நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு கரண்டி என்றால் கிருமிக்கு நாள் முழுக்கத் தீனி.

9. இரண்டு வாரம் கழித்து

மறுபடியும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஈறோரம் கூராகி, இரத்தம் நின்றிருந்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டு, பிரஷ்ஷையும் நூலையும் மட்டும் தொடருங்கள். இன்னும் இரத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் காறை. படிவு எச்சிலின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாகிவிட்டால் எந்தக் கஷாயமும் அதைக் கரைக்காது. கருவியால்தான் எடுக்க வேண்டும்.

“எங்கள் தாத்தா பல்லே விளக்கியதில்லை, கடைசிவரை பல் உறுதி” என்று ஒருவராவது சொல்வார். அதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் நம் தோட்டங்களில் இருந்தே. 1970இல் தொடங்கி இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 15 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பல் விளக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ இருக்கவில்லை. அவர்களில் 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறு வீக்கத்தைத் தாண்டவில்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக முற்றியது, 8 சதவீதத்தினருக்கு வேகமாகப் பரவி இளவயதிலேயே பற்கள் போயின. தாத்தா அந்த 11இல் ஒருவராக இருந்திருக்கலாம். நாம் எதில் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

10. டொக்டரிடம் போகும் நாள்

அரச வைத்தியசாலைகளின் பல் பிரிவில் சிகிச்சை இலவசம். பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் உண்டு. சிக்கலான ஈறு நோய்க்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போனால் ஒரு நாள் பேர் (அன்றைய நாட்சம்பளம்) போய்விடும் என்பது உண்மையான கஷ்டம். அதனால் போன காரியம் அன்றைக்கே முடியும்படி பாருங்கள்: எந்த நாளில் சுத்தம் செய்கிறார்கள், எத்தனை மணிக்கு நம்பர் கொடுக்கிறார்கள் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் முன்கூட்டியே விசாரித்து, விடிய முதல் பஸ்ஸில் புறப்படுங்கள். எடுக்கும் மாத்திரைகளின் அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். என்ன இலை, என்ன எண்ணெய் வைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஈறு வெந்திருந்தால் காரணம் தெரிந்தால்தான் சரியாகப் பார்க்க முடியும். பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள், காப்பாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

காறை எடுத்த பிறகு பல்லிடுக்கு அகலமாகத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். கிளீன் பண்ணினதால்தான் பல் ஆடுகிறது என்று பேச்சுக் கிளம்புவது இந்த இடத்தில்தான். உண்மையில் காறைதான் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அடியில் எலும்பு ஏற்கெனவே கரைந்திருந்தால், ஆடுகிற பல்லை அது முட்டுக்கொடுத்தும் வைத்திருக்கும். ஈறு சுருங்கிப் பல்லோடு ஒட்டச் சில வாரம் பிடிக்கும். கூச்சமும் மெல்ல மெல்லக் குறையும்.

அன்று மாலையிலிருந்து மூன்று நான்கு நாள் இளஞ்சூட்டு உப்புநீர் மட்டும் கொப்பளியுங்கள். கொய்யா இலை, கராம்பு எதுவும் அந்த நாட்களில் வேண்டாம். பிரஷ்ஷை அன்று இரவே தொடங்கிவிடலாம், மென்மையாக. வெற்றிலையை அந்த வாரம் முழுக்கத் தொடாமல் இருங்கள். அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு, திகதியைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.